கேட் போட்ட நேரம்

நீடாமங்கலத்தில் கேட் போட்டால்
உத்திராபதி கைக்கடிகாரம் பார்ப்பதில்லை.
திறந்ததும் வண்டியைப் பத்தடி நகர்த்திவிட்டு
இறங்கிப் போய்த் தரையைப் பார்ப்பார்.
ஒரு ரூபாய் அகலத்துக்கு எண்ணெய் என்றால் பாசஞ்சர்.
தோசை அகலம் என்றால்
சரக்கு ரயில், அதுவும் இஞ்சின் மாற்றிப் போனது.

அறுபத்தி நாலாம் வருஷத்துப் பெட்போர்டு.
தீயணைப்பில் இருந்து ஏலத்தில் வந்தது.
மேலே பச்சை அடித்தும்
கதவு இடுக்கில் சிவப்பு மிச்சம்.
இப்போது வயலில் நிற்கும் மழையை இறைக்கிறது.
கியர்பாக்ஸின் விலாவில் பி.டி.ஓ. பெட்டி,
இஞ்சின் பலத்தில் ஒரு பங்கைப் பம்புக்குப் பிரித்துக் கொடுக்கும்.
பாகம் பிரிக்கிற இடத்தில் கசியாமல் இருக்குமா
என்று சிரிப்பார்.

வைரக்கண்ணு சிரிக்கவில்லை.
ஐப்பசி அடைமழை. அவள் நடவு மூழ்கி மூன்று நாள்.
"போன வருசம் வரப்புல நிறுத்தினீங்க,
என் தண்ணி பூரா வானவில்லு.
நாளைக்கு விட்டா பயிர் அழுகும், தெரியும்.
சொட்டாம வா. இல்ல, வராத."

அதனால் ராத்திரி ஒன்பது மணிக்கு
சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் நான்.
ஜெகபர் டார்ச் பிடிக்கிறான்,
பாதி வெளிச்சம் என் மேல், பாதி கவனம் போன் மேல்.

கசியும் இடம் வேறு, சொட்டும் இடம் வேறு.
எண்ணெய் ஊர் சுற்றிவிட்டுத்தான் தரைக்கு வரும்.
மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து,
ஜெகபரின் முகப்பவுடரைத் தூவினேன்.
பெட்டி மாப்பிள்ளை மாதிரி வெளுத்து நின்றது.
ஓட விட்டோம்.
மூன்று இடத்தில் பவுடர் கறுத்தது.

ஸ்டட் மரை வழியே ஒன்று. பேஸ்ட் தடவி முறுக்கியாயிற்று.
அடுத்தது கேஸ்கட்.
தடிமன் கூடினால் பல் சரியாகக் கடிக்காது,
குறைந்தால் ஊளையிடும்.
கடை அடைத்துவிட்டார்கள்.
உத்திராபதி டேஷ்போர்டிலிருந்து
மகள் கல்யாணப் பத்திரிகை ஒன்றை எடுத்தார், மிச்சம் கிடந்தது.
மைக்ரோமீட்டர் சரி என்றது.
விளிம்பில் வைத்துத் தட்டித் தட்டி வெட்டும்போது
மாப்பிள்ளையின் பட்டம் ஒரு போல்ட் துளையில் போய்விட்டது.
"போகட்டும். அவன் முடிக்கவே இல்ல."

கடைசியாக ஷாஃப்ட் சீல்.
பழைய உதடு கல்லாகியிருந்தது,
ஷாஃப்டில் நகம் மாட்டும் அளவு தேய்மானம்.
புதியதை ஒரு நூல் உள்ளே தள்ளி அமர்த்தினேன்,
தேயாத உலோகத்தில் உதடு படும்படி.

தொண்ணூறு நம்பர் ஆயில். மறுபடி பவுடர்.
பன்னிரண்டே காலுக்கு மறுபடி கறுத்தது,
புது உதட்டின் வழியாகவே.
சீல் செய்த கம்பெனியையும் அதன் பரம்பரையையும்
நான் திட்டிக்கொண்டிருந்தபோது
ஜெகபர் கேட்டான்:
"அண்ணே, மேல இது என்ன மண்ணு?"

ப்ரீதர். சுண்டுவிரல் நுனி அளவு மூடி.
குளவி கூடு கட்டி அடைத்திருந்தது.
உள்ளே காய்ந்த பச்சைப்புழு மூன்று.
சைக்கிள் கம்பியை விட்டுக் குத்தினேன்.
உஸ்ஸென்று நெடுநேரம்.
சூடேறிய பெட்டி மூச்சு விட வழியில்லாமல்
இளைத்த உதட்டைப் பிளந்துகொண்டிருந்திருக்கிறது.

மூன்று வருஷத்தில் ஏழு சீல் மாற்றியிருக்கிறேன்.
ஏழுக்கும் கூலி வாங்கியிருக்கிறேன்.

"எவ்வளவு ஆச்சு?" என்றார்.
"சீலுக்கு மட்டும் குடுங்க."
ஏன் என்று கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா, தெரியாது.

விடிகாலை கேட்.
இறங்கிப் போய்த் தரையைப் பார்த்துவிட்டு வந்தார்.
"எவ்வளவு நேரம் நின்னோம்?"

வைரக்கண்ணு ஒரு எவர்சில்வர் தட்டோடு நின்றாள்.
குனிந்து பெட்டிக்கு நேர்கீழே வைத்தாள்.
பம்பு ஓடியது. தூறியது.
அரை மணி கழித்துத் தட்டை இழுத்து
விரலை நனைத்து முகர்ந்தாள்.
ஒன்றும் சொல்லாமல்
திரும்ப அதே இடத்தில் வைத்தாள்.